மாயா வேடத்தில் ஒரு மங்கை: நாதிராவின் கதை

தீபாவளி இரவு. பம்பாயின் செல்வர் விடுதி ஒன்றிலே விளக்குகள் சுடர்விடுகின்றன. வாத்தியக் கோஷ்டி முழங்குகின்றது. ஏழைப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி தன் காதலனோடு அங்கு வந்திருக்கின்றாள். சீமான்களும் சீமாட்டிகளும் கூடிய அக்கூட்டத்தில் அவமதிப்புற்றுக் கலங்கிய கண்களோடு அவள் வெளியேறுகின்றாள். காதலன் அவள் பின்னே செல்லத் திரும்புகின்றான். அவ்வேளையில், நீண்ட குழலிற் செருகிய சிகரெட்டும் பளபளக்கும் உடையும் இதழ்க்கோடியில் இளநகையுமாக வேறொருத்தி அவன் முன்னே வந்து பாடத் தொடங்குகின்றாள். திரும்பிப் பாராதே என்பதே பாட்டின் பொருள். சற்றுத் தயங்கிய காதலன் பின்னர் தானும் சேர்ந்து பாடுகின்றான். ஆசிரியை தனியே இருளிற் செல்கின்றாள்.

ராஜ் கபூர் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்ரீ 420' என்னும் இந்திப் படத்தின் காட்சி இது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றத்தைக் கூறிய பிரிவின் இலக்கமே 420. ஆசிரியையின் பெயர் வித்யா, அதாவது கல்வி. விடுதிச் சீமாட்டியின் பெயர் மாயா. கதையின் நீதியைப் பாத்திரங்களின் பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். முடிவில் வித்யாவே வெல்லுகின்றாள். ஆயினும் படத்தைக் கண்டோர் பலர் வீடு திரும்பும்போது நெஞ்சிற் கொண்டு போனது மாயாவின் முகத்தைத்தான். கல்விக்கும் மாயைக்கும் நடைபெறும் போட்டியில் முதற் சுற்றை மாயை வெல்வது ஆசிரியர்களுக்குப் புதிய செய்தியன்று.

அந்தப் பாட்டு இலங்கைக்கு அயலானதன்று. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை விரும்பாதவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து அப்பாட்டுகள் மறைந்தன. மறைந்தவை இறக்கவில்லை, கடலைக் கடந்து கொழும்புக்கு வந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசப்படையினர் ஏக்கலையில் நிறுவிய ஆற்றல் மிக்க அஞ்சற் கருவி இலங்கை வானொலிக்கு வாய்த்திருந்தது. அதன் வர்த்தக சேவையின் இந்தி ஒலிபரப்பில், அமீன் சயானியின் குரலில், 1952 டிசம்பர் தொடங்கி வாரந்தோறும் வந்த 'பினாக்கா கீத்மாலா' இந்தியா முழுவதையும் கொழும்பின் பக்கம் காது திருப்ப வைத்தது. அக்காலத்துச் சினிமாப் பாட்டுகள் கல்முனைக் கரையிலும் இப்படியே வானொலி வழியாக வந்து சேர்ந்தன. சொல் விளங்காவிடினும் மெட்டு விளங்கும். மாயாவின் பாட்டில் ஒலித்தது ஆஷா போஸ்லேயின் குரல். உடன் பாடியவர் மன்னா டே. இசையமைத்தோர் சங்கர், ஜெய்கிஷன் இருவர். வானொலியிற் குரல் வரும், முகம் வராது. அக்குரலுக்குத் திரையிலே முகம் கொடுத்தவரின் பெயர் நாதிரா.

நாதிரா என்பது கிழக்குக் கரையில் யாவரும் அறிந்த பெயர். அரிதானவள் என்பது அரபுப் பொருள். சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ வகுப்பறை ஒன்றில் அப்பெயரைக் கூப்பிட்டால் ஒருத்தியாவது எழுந்து நிற்கக் கூடும். ஆனால் அந்நடிகை முஸ்லிமல்லர். பிளாரன்ஸ் எசெக்கியேல் என்பது அவரது இயற்பெயர். 1932 டிசம்பர் 5ஆம் திகதி பக்தாது யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர்.

பக்தாது என்றதும் இக்கரை மக்களுக்கு நினைவில் எழுவது முகியித்தீன் ஆண்டகை அவர்களின் திருநாமமே. றபீயுல் ஆகிர் மாதத்திலே பள்ளிவாசல்களில் மௌலூது ஓதப்படுவது அப்பெரியார் பேரில். அதே பக்தாது நெடுங்காலம் யூதரின் பெருநகருமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர மக்களிற் குறைந்தது நால்வரில் ஒருவர் யூதர். அவர்கள் வீட்டிற் பேசியது அரபு. கடைத்தெருவில் முஸ்லிம்களோடு கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்ந்தனர். வணிகத்தின் பொருட்டு அவர்களிற் சிலர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். பக்தாது ஆளுநரின் கெடுபிடிக்குத் தப்பி 1830களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்த தாவீது சாசூன் அவர்களுள் முதன்மையானவர். பைகுல்லாவில் 1864இல் எழுந்த மாகேன் தாவீது தொழுகைக்கூடம் அவர் கட்டுவித்தது. 1875இல் அமைந்த சாசூன் துறைமுகம் அவர் மகன் காலத்தது. மீன் வள்ளங்கள் வந்தணையும் துறையாக அது அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. இவர்களே பக்தாது யூதர் எனப்பட்டனர். பம்பாய், பூனா, கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் இவர்கள் சிறு கூட்டமாக வாழ்ந்தனர்.

இச்சிறு கூட்டத்துப் பெண்கள் இந்தியத் திரைக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் விசித்திரம். அதை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு சமையற்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1913இல் தாதாசாகிப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் மௌனப் படத்தை எடுத்தபோது சந்திரமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. ஆகவே உணவுக் கடையொன்றில் வேலை செய்த சாலுங்கே என்னும் ஆடவர் சேலை உடுத்து அரசியானார். 1917இல் அதே பால்கே நம் நாட்டைக் களமாகக் கொண்ட 'லங்கா தகனம்' படத்தை எடுத்தார். அதில் அதே சாலுங்கே இராமனாகவும் நடித்தார், சீதையாகவும் நடித்தார். தன்னைத் தானே தேடித் தன்னைத் தானே மீட்ட இராமபிரானை மக்கள் பக்தியோடு கண்டு களித்தனர்.

நல்ல குடும்பத்துப் பெண் மேடையேறுவதை எந்தச் சமூகமும் அன்று விரும்பவில்லை. கல்முனைப் பகுதியிலும் கலியாண வீட்டிற் பெண்கள் குரவையிடுவார்கள், கவி பாடுவார்கள். ஆனால் அது பெண்கள் கூடும் அறையோடு நின்றுவிடும், வாசலைத் தாண்டாது. இந்துக் குடும்பங்களில் சாதியும் முஸ்லிம் குடும்பங்களில் திரையும் காவல் நின்றபோது, இரண்டுக்கும் வெளியே நின்ற ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் சினிமாவுக்கு வந்தனர். அவர்கள் ஆங்கிலம் கற்றவர்கள், அலுவலகங்களில் வேலை பார்க்கத் தொடங்கியவர்கள், வெளிறிய நிறத்தவர்கள். கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு அந்நிறம் உகந்தது என அக்காலத்தார் எண்ணினர். அவர்களுடைய குடும்பங்களும் மகிழ்ச்சியோடு வழியனுப்பி வைத்தன என்று கருதுதல் தவறு. வேறு வழியிருந்தவர்கள் வராத தொழிலுக்கு அவர்கள் வந்தார்கள், அவ்வளவே.

நாதிராவுக்கு முன்னோடி பூனாவிற் பிறந்த ரூபி மையர்ஸ் (1907-1983). தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். படத்தில் நடிக்க அழைத்தபோது முதலில் மறுத்து, பிறகு இசைந்தவர். திரைக்கு வந்ததும் அவருக்குச் சுலோசனா என்று பெயரிட்டார்கள். தொலைபேசி வேலையை விட்டு நடிக்க வந்தவருக்கு 1926இல் கிடைத்த வேடங்களுள் ஒன்று எது தெரியுமா? தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பெண்! 1927இல் 'பம்பாயின் காட்டுப்பூனை' என்னும் பொருள்பட்ட படத்தில் அவர் எட்டு வேடங்கள் புனைந்தார். தோட்டக்காரன், பொலிஸ்காரன், ஐதராபாத்துக் கனவான், தெருப்பையன், பொன்முடி வெள்ளைக்காரி என்பன அவற்றுட் சில. பத்தாண்டுகளுக்கு முன் ஆண் பெண்ணாக நடித்த கடனைச் சுலோசனா வட்டியோடு தீர்த்துவிட்டார். மாதச் சம்பளம் ஐயாயிரம் ரூபா வரை உயர்ந்தது. பம்பாய் ஆளுநருக்குக்கூட அவ்வளவில்லை என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

பேச்சுப்படம் வந்தபோது சுலோசனாவுக்கு இடி விழுந்தது. மௌனப் படத்தில் உதட்டை அசைத்தாற் போதும். பேச்சுப்படத்துக்கு இந்துஸ்தானி வேண்டும். அவர் கலங்கவில்லை. ஓராண்டு விலகியிருந்து மொழியைக் கற்று, 1932இல் 'மாதுரி' என்னும் பேசும் படத்தோடு திரும்பி வந்தார். மொழி தெரியாதென்று தொழிலை விட்டவர்களே மிகுதியாயிருந்த காலம் அது என்பதை நினைத்தால் இதன் அருமை புலப்படும்.

அனார்கலி கதை அவருக்கு வாய்த்த விதம் ஒரு நாடகத்துக்குள் நாடகம். சலீம் இளவரசனைக் காதலித்த குற்றத்துக்காக அக்பர் ஆணையால் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டப்பட்டவள் என்று கதையிற் சொல்லப்படும் அனார்கலியாக 1928இல் மௌனப் படத்தில் நடித்தார். 1935இல் பேச்சுப்படத்திலும் அவரே அனார்கலி. 1953இல் மறுபடி அனார்கலி கதை படமானபோது அவரை அழைத்தார்கள். இம்முறை அனார்கலி பீனா ராய். சுலோசனாவுக்குச் சலீமின் தாய் வேடம். இரண்டு முறை மருமகளாகத் துன்புற்றவர் மூன்றாம் முறை மாமியாராகப் பதவி உயர்வு பெற்றார்.

இடையில் 1947இல் 'ஜுக்னு' என்னும் படம் வந்தது. திலீப் குமாரும் நூர்ஜஹானும் நடித்தது. அதிலே வயது முதிர்ந்த பேராசிரியர் ஒருவர் சுலோசனாவிடம் மனம் பறிகொடுப்பதாகக் காட்சி. பம்பாய் அரசு அப்படத்தைத் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனத் திரைப்பட வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்று உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாய். சுலோசனாவுக்கு வயது நாற்பது. நாற்பது வயதுப் பெண்ணை ஒருவர் நேசிப்பது நாட்டின் ஒழுக்கத்துக்கு இத்துணைப் பெரிய ஆபத்தென அன்று வரை யாரும் அறிந்திருக்கவில்லை. அதே நாட்டின் அரசு 1973இல் அவருக்குத் தாதாசாகிப் பால்கே விருதை வழங்கியது. 2013இல் அவர் படத்தோடு முத்திரையும் வெளியிட்டது.

இன்னொருவர் பிரமிளா. கல்கத்தாவிற் பிறந்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் என்பவர். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் பார்சி நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். அக்காலத்தில் படச்சுருளை மாற்றக் கால்மணி நேரம் ஆகும். இருட்டிற் காத்திருக்கும் கூட்டம் கூச்சலிடாதிருக்க அந்த இடைவேளையில் மேடையேறி ஆடுவதே அவருடைய முதல் வேலை. பின்னர் தாமே திரையில் ஏறினார். 1947இல் முதலாவது இந்திய அழகியாகத் தெரிவு செய்யப்பட்டார். சொந்த நிறுவனத்தின் பேரிற் பதினாறு படங்களைத் தயாரித்தார். படங்களை விற்க அடிக்கடி பாகிஸ்தான் போய்வந்ததால் ஒற்றர் என்ற ஐயத்தின் பேரிற் கைது செய்யப்பட்டு, படவியாபாரமே காரியம் என்று நிரூபித்து மீண்டார். கைதுக்கு ஆணையிட்டவர் யார் என்றால், அதே மொரார்ஜி தேசாய். பம்பாயின் யூத நடிகையர் அவருக்கு ஓயாத வேலை கொடுத்திருக்கின்றார்கள்.

இவ்விருவர் நடந்த பாதையில்தான் பிளாரன்ஸ் எசெக்கியேல் வந்தார். அவரைத் திரைக்குக் கொணர்ந்த மெஹ்பூப் கான் குஜராத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்தவர். பெரிதாகப் பள்ளிப் படிப்பில்லாதவர். மௌனப் படக்காலத்தில் அலிபாபா கதையின் நாற்பது திருடரில் ஒருவராகப் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்ததே அவரது முதல் நடிப்பு. பீப்பாயிலிருந்து வெளிவந்த அவர் இந்தியாவின் பெரும் நெறியாளருள் ஒருவரானார். 'ஆன்' என்னும் வண்ணப் படத்துக்கு அவர் முதலில் எண்ணியது நர்கிஸை. நர்கிஸ் விலகிக்கொள்ள, படத்துறையில் யாரும் அறியாத யூதப் பெண்ணொருத்தி ராஜபுத்திர இளவரசியானாள். பெயரும் நாதிராவாயிற்று. 1952இல் வெளிவந்த அப்படம் தமிழிலும் பேச வைக்கப்பட்டது, லண்டனிலும் திரையிடப்பட்டது.

கதையோ நமக்குப் பழகிய அல்லி அரசாணிக் கதையின் உறவுமுறை. குதிரையேறும் அகங்கார இளவரசியைத் திலீப் குமார் கவர்ந்து சென்று, கிராமத்தில் வைத்து, அடக்கத்தைக் கற்பிக்கின்றார். அக்காலத்துக் கொட்டகைகளில் இதற்குக் கரவொலி எழுந்தது. இன்று பார்க்கும்போது, ஆணையிடும் இளவரசியின் நிமிர்ந்த கழுத்தே அழகாகத் தோன்றுகின்றது. அடங்கிய இளவரசியிடம் பார்க்க அதிகமில்லை. அப்படத்திலும் நாதிராவுக்கு ஒரு சிறு ஏமாற்றம் காத்திருந்தது. நிம்மி நடித்த மங்களா என்னும் கிராமத்துப் பெண் கதையின் நடுவிலேயே இறந்துபோகின்றாள். விநியோகஸ்தர்கள் விடவில்லை. நிம்மி இன்னும் வேண்டும் என்றார்கள். இறந்தவளைக் கனவிற் கொண்டுவந்து ஆடவைத்தார்கள். பிரான்ஸ் நாட்டில் படத்துக்கே மங்களாவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். கதாநாயகி நாதிரா, பெயர் நிம்மிக்கு.

பிறகு வந்தது 'ஸ்ரீ 420'. கபரே என்பது பிரெஞ்சுச் சொல். உண்டு குடித்துக்கொண்டே பாட்டும் ஆட்டமும் பகடியும் பார்க்கும் விடுதிக்கு அப்பெயர். 1881இல் பாரிஸ் நகரில் திறக்கப்பட்ட 'கறுப்புப் பூனை' விடுதியோடு அது புகழடைந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அத்தகைய மேடைகளில் யூதக் கலைஞர் பலர் பேர் பெற்றனர். ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பெண் சோபி ரக்கர் தம் பெற்றோரின் உணவுக் கடையில் வாடிக்கையாளர் முன் பாடத் தொடங்கினார். தம் பருத்த உடலையும் ஏறும் வயதையும் தாமே கேலிசெய்து சிரிக்கவைத்து, எண்பதை நெருங்கும் வயதிலும் மேடையில் நின்றார். அவருக்கு வாய்த்த சலுகை நாதிராவுக்கு வாய்க்கவில்லை. சோபி தம் கதையைத் தம் வாயாற் சொன்னார். நாதிராவின் வாயில் எப்பொழுதும் பிறருடைய குரல், பிறருடைய வசனம், பிறருடைய சாதி மதம்.

மாயா வேடம் அவரை உயர்த்தியது, கட்டியும் போட்டது. அதன்பின் வந்தவர்கள் எல்லாரும் மாயாவையே கேட்டு வந்தார்கள். கெட்ட பெண் வேண்டுமா, நாதிராவைக் கூப்பிடு என்பது படவுலக வழக்காயிற்று. அவர் பலவற்றை மறுத்தார். மறுத்ததனாலே வேலையின்றியும் இருந்தார். சினிமாவின் நீதி விசித்திரமானது. கதாநாயகனைச் சூதுக்கு அழைத்துச் சென்றவன் ஆடவன் என்றால் அடுத்த படத்தில் அவன் தகப்பனாகவோ நீதிபதியாகவோ வந்துவிடலாம். பெண் சிகரெட் பிடித்தால் அந்தப் புகை அவளைச் சாகும்வரை விடாது. 1960இல் 'தில் அப்னா ஔர் பிரீத் பராய்' படத்திலே மருத்துவரின் மனைவியாக வந்தார். தாலி கட்டிய மனைவி அவரே. எனினும் இரக்கமெல்லாம் தாதியாக நடித்த மீனா குமாரிக்கே. நாதிரா மனைவியானாலும் வில்லிதான்!

அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக நோக்கினால் ஓர் உண்மை தென்படும். ராஜபுத்திர இளவரசி, இந்துக் குடும்பத்து மருமகள், 1972இல் வந்த 'பாக்கீசா'வில் ஆடல் மகளிர் இல்லத்தை நடத்தும் முஸ்லிம் தலைவி, பின்னாளிற் கிறிஸ்தவத் தாய். எல்லாச் சமூகத்தவராகவும் நடித்தார். 1958இல் பிமல் ராய் பண்டைய உரோமாபுரி யூதரின் துன்பத்தை 'யஹூதி' என்ற பெயரிலேயே படமாக்கினார். யூதன் என்பதே அச்சொல்லின் பொருள். யூதத் தந்தையாக நடித்தவர் பார்சியான சொராப் மோடி. வளர்ப்பு மகளாக நடித்தவர் முஸ்லிமான மீனா குமாரி. உரோம இளவரசன் திலீப் குமார். யூதப் பெண்ணான நாதிராவுக்கு அதில் இடமில்லை. இதைவிடச் சிரிப்பான செய்தி அவர் வாழ்க்கையில் வேறில்லை. வருத்தமான செய்தியும் வேறில்லை.

'ஆன்' படப்பிடிப்பு நடந்த அதே காலத்தில், 1950, 1951ஆம் ஆண்டுகளில், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கிய யூதர்கள் விமானங்களில் ஏற்றப்பட்டு இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலஸ்தீன மண்ணில் அம்மண்ணின் மக்கள் வீடிழந்து அகதிகளானதையடுத்த ஆண்டுகள் அவை. ஒரு கரையில் வீடிழந்தோர் அழுதனர். இன்னொரு கரையில் ஈராயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைமை கொண்ட சமூகம் தன் பக்தாதை இழந்தது. இந்தியாவில் இருந்த யூதரும் அதன்பின் சிறுகச் சிறுகக் கலைந்தனர். சிலர் இஸ்ரேலுக்கும், பக்தாது வழியினர் பலர் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர். நாதிராவின் சகோதரர்களும் வெளிநாடு சென்றார்கள். நாதிரா போகவில்லை.

வயது ஏற ஏற அவருடைய நடிப்பு விளைந்தது என்பதே உண்மை. 1975இல் கே. எஸ். சேதுமாதவன் தம் மலையாளப் படமாகிய 'சட்டக்காரி'யை 'ஜூலி' என்னும் பெயரில் இந்தியில் எடுத்தார். கதாநாயகி நம் தமிழ்த் திரையின் லட்சுமி. புகையிரத இயந்திரச் சாரதியான தந்தை, மூன்று பிள்ளைகள், அவர்களை அதட்டி ஆளும் ஆங்கிலோ இந்தியத் தாய் மார்கரட். அந்தத் தாயாக நடித்தவர் நாதிரா. இங்கிலாந்தே தமது சொந்த மண் என்னும் வீண் பெருமையும், மகள் வழுக்கி விழுந்தாள் என்று அறிந்தபோது எழும் சினமும், சினத்தின் அடியிலே கிடக்கும் பாசமும் அவர் முகத்தில் மாறி மாறி வரும். கவர்ச்சியை ஒதுக்கிவிட்டு வீட்டு உடையில் நின்ற அந்த வேடத்துக்குத்தான் பிலிம்பேர் விருது கிடைத்தது. புறப்படாத ஒருத்தி, புறப்படத் துடிக்கும் தாயாக நடித்துப் பரிசு பெற்றார். 1985இல் கமல்ஹாசன் நடித்த 'சாகர்' படத்தில் அவரை மிஸ் ஜோசப்பாகக் கண்டவர்கள், கண்டிப்பும் கனிவும் கலந்த அந்த முதியவளை மறந்திருக்க மாட்டார்கள்.

திரைக்கு வெளியே நாதிரா எளிதில் அடங்கும் பெண்ணல்லர். றோல்ஸ் றோய்ஸ் காரைச் சொந்தமாக வைத்திருந்த முதல் இந்திய நடிகையருள் ஒருவர் என்று சொல்லப்படுபவர். கூரிய நாவுடையவர், பேட்டி காண வந்தவர்களைத் தாமே கேள்வி கேட்டுத் திணற அடிக்கக் கூடியவர். நூல்களிற் பெருவிருப்புக் கொண்டிருந்தார். கவிஞரும் படத் தயாரிப்பாளருமான நக்ஷப் என்பவரை மணந்தார். 1953இல் அவருடைய 'நக்மா' படத்திலும் நடித்தார். அம்மணம் நிலைக்கவில்லை, பின்னர் செய்த மணமும் நிலைக்கவில்லை. பம்பாய் வீட்டில் தனியே வாழ்ந்தார். நரைத்த பின்னும் நிமிர்ந்த கழுத்து வளையவில்லை. 'ஆன்' படத்து இளவரசி அதில் மட்டும் மெஹ்பூப் கானின் பாடத்தைக் கற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டாள். 2006 பெப்ரவரி 9ஆம் திகதி, தமது எழுபத்து மூன்றாம் வயதில் அந்நகரிலேயே காலமானார்.

அதே 2006இல் அமோல் பாலேக்கர் நெறியாள்கை செய்த 'தாங்க்' என்னும் மராத்திப் படத்தில், தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த பிரமிளா மறுபடி நடித்தார். படச்சுருள் மாற்றும் இடைவேளையில் ஆடத் தொடங்கியவருக்கு அது கடைசி வேடம். அவ்வாண்டு ஓகஸ்டில் அவரும் மறைந்தார். அவர் பிறந்த கல்கத்தாவில் யூதரை இன்று விரலிட்டு எண்ணிவிடலாம். அங்குள்ள தொழுகைக்கூடங்களைத் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு செய்து விளக்கேற்றிக் காத்து வருவோர் முஸ்லிம் குடும்பத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூதச் சிறுமியருக்கென நிறுவப்பட்ட மகளிர் பாடசாலை இன்றும் அதே பெயரோடு நடக்கின்றது. அதன் வாசலில் தாவீதின் நட்சத்திரம் இருக்கின்றது. காலையில் புத்தகப் பையோடு அதைக் கடந்து உள்ளே செல்வோர் பெரும்பாலும் முஸ்லிம் சிறுமியர்.